எட்டிப்பார்த்தானைத் தேர்ந்தெடுத்தவள்

விசாரணையில் தன்னிடம் கேட்கப்போவது ஒரே கேள்விதான் என்று சின்னக்குட்டிக்கு முன்பே தெரியும். இத்தனை கருவிகளைப் பார்த்துவிட்டுக் கடைசியில் இதை ஏன் எடுத்தீர்கள்? உள்ளதை உள்ளபடி சொன்னால் அவள் புருஷனின் அண்ணனுக்கு வேலை போகும், ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருக்கிற இரண்டு குடும்பமும் முகம் பார்க்காமல் பிரியும். வாயை மூடிக்கொண்டால், அவளோடு வேலை பார்க்கும் ஒல்லியின் தலையில் ஒரு மனுஷனின் சாவு விழும். இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். அவள் செய்ததைத்தான் எழுதுகிறேன்.

சின்னக்குட்டி என் தங்கையின் கடைசிப் பெண். மூத்தவர்கள் இருவரும் வாய் ஓயாதவர்கள். "மூணாவது பொறந்தப்ப வீட்ல பேச இடமே மிச்சம் இல்ல, அதான் இவ பேசறதில்ல" என்பார் என் தங்கை புருஷன். குழந்தையில் வைத்த செல்லப்பெயர் காதோரம் நரைத்த பிறகும் போகவில்லை. கணக்கு நன்றாக வந்தது, கம்ப்யூட்டர் படித்தாள். ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க மட்டும் அவளுக்கு வராது. கடையில் அளவு தப்பாக இருந்தாலும் வாங்கி வந்துவிடுவாள். அக்காமார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவனுக்கு அவளைக் கொடுத்தோம். நல்ல பையன். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அச்சு இயந்திரத்தின் உருளையில் அவன் வலது கை போய்விட்டது. கை என்றால் மணிக்கட்டுவரை தப்பியது, விரல்கள் எல்லாம் போயின. அப்போது அவர்களைத் தாங்கியது அவன் அண்ணன், அதாவது இவளுக்கு மூத்தார். ஆஸ்பத்திரியில் தம்பியைத் தூக்கி உட்காரவைத்ததும் அவர்தான், புண்ணுக்குத் துணி மாற்றியதும் அவர்தான். மாடியில் தான் இருந்துகொண்டு கீழ்ப்பகுதியை இவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். இவள் வேலை தேடி அலைந்தபோது பைக்கில் பின்னால் உட்காரவைத்து ஒவ்வொரு ஆபீஸாகக் கூட்டிப்போய், இவள் உள்ளே பேசி முடிக்கும்வரை வெயிலில் கீழே நின்றிருப்பார். "கிடைச்சுதா குட்டி?" என்று கேட்பார். இவள் இல்லை என்று தலையை ஆட்டினால், "அடுத்தது கிடைக்கும், ஏறு" என்பார். இப்படி ஒரு மனுஷன் நம் குடும்பத்தில் யாருக்கும் வாய்த்ததில்லை என்று என் தங்கை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

கடைசியில் கிடைத்த ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேல் இருந்தது. ஏறிப்போக இரும்புப் படி. ரப்பர் வாடை ஃபைல்களில்கூட அடிக்கும். மற்றவர்களுடைய வெப்சைட்டையும் செல்போன் ஆப்பையும் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அங்கே வேலை. முதலாளியைத் தவிர நான்கைந்து பேர். சில வருஷத்தில் சின்னக்குட்டி அவர்களுக்குத் தலைவியானாள். எல்லோரும் அவளை அக்கா என்றார்கள்.

அவர்களில் கெட்டிக்காரன் ஒல்லி. கண்ணில் படுகிற எதையும் பட்டப்பெயர் வைக்காமல் விடமாட்டான். முதலாளிக்கே ஒன்று வைத்திருந்தான், அதை எழுத முடியாது. முன்பு வேலை பார்த்த இடத்தில் யாரோ அழித்துவிட்ட ஒரு கணக்குக்கு இவன் மேல் பழி போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தொழிலில் ஒரு தடவை பெயர் கெட்டால் மன்னிப்பார்கள். இரண்டாவது தடவை கெட்டால் எந்த ஆபீஸும் கதவைத் திறக்காது. "எனக்கு இன்னும் ஒரே ஒரு உசுருதான்கா பாக்கி" என்று சிரித்துக்கொண்டே சொல்வான்.

அவர்கள் பார்த்துக்கொண்ட ஆப்களில் பெரியது ஒரு மருத்துவமனையுடையது. வீட்டோடு படுத்துக் கிடக்கிற நோயாளிகளுக்கு நர்ஸ்கள் வீடு தேடிப் போவார்கள். இன்றைக்கு எந்தெந்த வீடு, எந்த நேரம், யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது காலையில் நர்ஸின் போனில் பட்டியலாக வரும். அது வந்தால்தான் அவள் வண்டியை எடுப்பாள்.

ஆப் நின்றுபோனால் எப்படித் தெரியும் என்று ஒருநாள் மருத்துவமனைக்காரர்கள் கேட்டார்கள். முதலாளி கூட்டம் போட்டார்.

"நம்மகிட்ட அதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"இருக்கே சார்" என்றான் ஒல்லி. "கஸ்டமர் போன் பண்ணித் திட்டுவாங்க. திட்டு எவ்வளவு பெருசோ அவ்வளவு பெரிய ரிப்பேர்."

எல்லோரும் சிரித்தார்கள், முதலாளி சிரிக்கவில்லை. நல்ல கண்காணிப்புக் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் சின்னக்குட்டியிடம் கொடுத்தார். அந்தக் கருவி என்பது கையில் பிடிக்கிற சாமான் இல்லை. அதுவும் ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடுதான். நாள் முழுக்க நம் வெப்சைட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும், பதில் இல்லாவிட்டால் நம் ஆட்களின் போனில் அலாரம் அடிக்கும். விற்கிறவர்கள் நிறையப் பேர். அலசிக் கழித்து மூன்றைக் கொண்டுவந்து ஆபீஸில் ஓடவிட்டுப் பார்த்தார்கள்.

முதலாவதற்கு ஒல்லி வைத்த பெயர் அழுமூஞ்சி. காற்றடித்தால் அழும், மழை வந்தால் அழும். பக்கம் திறக்க ஒரு மூச்சு தாமதமானாலும் அத்தனை பேர் போனிலும் அலறும். இரண்டே நாளில் ஆளாளுக்கு அதன் வாயை அடைத்து வைத்துவிட்டார்கள். கூட வேலை பார்த்த கண்ணாடிக்காரி, "எங்க மாமியாரே தேவலாம்கா, மூச்சு விடறதுக்காவது நடுவுல நிறுத்துவாங்க" என்றாள். அது கழிந்தது.

இரண்டாவது நோண்டி. அது வாசலோடு நிற்காது. ஒரு நர்ஸ் மாதிரியே பெயர் கொடுத்து உள்ளே போகும், பட்டியலைத் திறக்கும், அதில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று எண்ணும். ஆனால் ஒவ்வொரு அடியையும் நாம் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆப்பில் ஒரு பொத்தான் இடம் மாறினால் மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். உள்ளே போய் வருவதால் அலாரம் அடிக்கவும் சற்றுத் தாமதம்.

மூன்றாவது எட்டிப்பார்த்தான். வாசலுக்கு வந்து, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடும். எரிந்தால் பச்சை, எரியாவிட்டால் சிவப்பு. சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் பொருத்திவிடலாம். சுவரில் பெரிய டிவி மாட்டி அதில் பச்சை வட்டங்களாகக் காட்டும். முதலாளி அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு காபி ஆறும்வரை நின்றார்.

எட்டிப்பார்த்தானை விற்கிற கம்பெனியில்தான் மூத்தார் சேர்ந்திருந்தார். அவருடைய பழைய கம்பெனி மூடிப்போய், அந்த வயதில் கிடைத்த வேலை அது. விற்பனைப் பிரிவு. விற்றால்தான் இருக்கலாம். தம்பி பெண்டாட்டியின் ஆபீஸ் பெயர் தன் மேஜைக்கு வந்ததும் அவர் ஒளிக்கவில்லை. சாயங்காலம் படியிறங்கி வந்து சொன்னார்.

"உங்க ஆபீஸ்தான் குட்டி. நீ இருக்கறதை அங்க நான் சொல்லல. நீயும் சொல்லாத. சொன்னா ரெண்டு பேருக்கும் கெட்ட பேரு."

"சரி மாமா."

"எதையும் எனக்காகப் பண்ணாத. எது நல்லதோ அதை எடு." படியில் திரும்பி ஏறப்போனவர் நின்றார். "இந்தத் தடவையும் விக்கலன்னா என் நாற்காலியை எடுத்துருவாங்க. அது உனக்குத் தெரிஞ்சிருக்கணும்னு சொல்றேன், அவ்வளவுதான்."

அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கோபமாவது வந்திருக்கும் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

கருவியைக் காட்டி விளக்க அவர் ஆபீஸுக்கு வந்த அன்று, கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்ததுமே சின்னக்குட்டி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். வீட்டுப் பழக்கம். அவர் உட்காரும்வரை உட்காரவில்லை. அவர் வாய்க்கு வாய் மேடம் என்றார். இவள் ஒவ்வொரு மேடத்துக்கும் குனிந்தாள். கேட்பதற்கு அவளிடம் நான்கு கேள்வி இருந்தது, ஒன்றையும் கேட்கவில்லை. அவர் போனதும் ஒல்லி பக்கத்தில் வந்தான்.

"சாமான் விக்க வர்றவருக்கு எதுக்குக்கா எந்திரிச்சு நிக்கறீங்க? நாங்க சம்பளம் கேட்டு வந்தாக்கூட நிமிர்ந்து பாக்க மாட்டீங்க."

"வயசுல பெரியவரு."

"டயர் கடைக்காரரு அதைவிடப் பெரியவரு" என்றான். அதற்குமேல் கேட்கவில்லை. வந்தவர் அக்காவுக்குச் சொந்தம் என்று அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

எது சிறந்தது என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. நாமே வேண்டுமென்று ஆப்பைக் கெடுத்து, எந்தக் கருவி முதலில் கத்துகிறது என்று பார்ப்பார்கள். எதை எப்படிக் கெடுப்பது என்பதைத் தலைவிதான் முடிவு செய்ய வேண்டும். சின்னக்குட்டி மூன்று சோதனை வைத்தாள். முதலில் ஆப்பை ஓட்டுகிற சர்வரை மொத்தமாக நிறுத்தினாள். பிறகு இணைப்பை மொத்தமாகத் துண்டித்தாள். மூன்றாவதாக வேறொரு சர்வரை மொத்தமாக நிறுத்தினாள். வாசல் விளக்கே அணைந்துவிட்டால் வாசலில் நிற்பவனுக்குத்தானே முதலில் தெரியும்? மூன்றிலும் எட்டிப்பார்த்தான் முந்தினான். நோண்டி பின்னால் வந்து சேர்ந்தது.

ஒல்லி சொன்னான்: "அக்கா, ஒரு தடவை உள்ள மட்டும் கெடுத்துப் பாப்போம். வீடு நிக்கட்டும், விளக்கு எரியட்டும், அடுப்பை மட்டும் அணைப்போம். அதான் நெஜமா நடக்கும். மொத்தமா விழறது எப்பவாவதுதான்."

"நேரமில்ல. நாளைக்கு சாருக்குச் சொல்லணும்."

"அரை மணி நேர வேலைக்கா."

"வாங்கினதுக்கு அப்புறம் உள்பக்கத்துக்கு நாமளே ஒண்ணு எழுதிக்கலாம்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, "சரிக்கா" என்றான்.

கணக்கில் பொய் இல்லை. மூன்று சோதனை நடந்ததும் நிஜம், மூன்றிலும் அது ஜெயித்ததும் நிஜம். தேறக்கூடிய கேள்வியை மட்டும் பார்த்துப் பார்த்துக் கேட்டிருந்தாள். அது தனக்கும் ஒல்லிக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

எட்டிப்பார்த்தான் சுவரேறியது. மூத்தார் வேலை நிலைத்தது. அந்த வாரம் ஓரகத்தி, அதாவது மூத்தாரின் மனைவி, மேலே சமைத்த எல்லாவற்றிலும் ஒரு பங்கைக் கீழே கொடுத்தனுப்பினாள். சின்னக்குட்டியின் புருஷன் அண்ணனோடு உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தான். கை போன பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை. உள்பக்கத்துக்குத் தாங்களே எழுதுவதாகச் சொன்னதை ஒல்லி இரண்டு தடவை நினைவுபடுத்தினான். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்றாள். பிறகு அவன் கேட்பதை விட்டுவிட்டான்.

சில மாசங்கள் பச்சையாகவே ஓடின. ஒரு தடவை நள்ளிரவில் சிவப்பு வந்தது, சரிசெய்தார்கள், முதலாளி தட்டிக்கொடுத்தார்.

அந்த நாளும் பச்சைதான். ஆப்புக்குப் பின்னால் நோயாளிகளின் பட்டியலை வைத்திருக்கும் இன்னொரு இயந்திரம் உண்டு. அதற்குள் போகும் அனுமதி காலாவதியாகிவிட்டது. ஆப் திறந்தது. நர்ஸின் பெயரைச் சொல்லிக் காலை வணக்கம் சொன்னது. பட்டியலைக் கேட்டது, கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று அது சொல்லியிருந்தால்கூடப் போதும். பட்டியல் காலியாக இருந்தால் காட்டுவதற்கென்று எழுதிவைத்த வாசகத்தைக் காட்டியது. இன்று உங்களுக்கு வேலை எதுவும் இல்லை, ஓய்வெடுங்கள்.

நர்ஸ்கள் சந்தோஷப்பட்டார்கள். வருஷத்துக்கு ஒருநாள்கூட அப்படி வந்ததில்லை. ஒருத்தி துணி துவைத்தாள். ஒருத்தி மகனைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் அந்த லீவு பறிபோய்விடும் என்ற பயம். ஆபீஸில் டூட்டி ஒல்லிக்கு. சுவர் முழுக்கப் பச்சை. போனும் வரவில்லை. நோயாளி வீட்டார் கூப்பிட்டால் அது மருத்துவமனையின் எண்ணுக்குப் போகும், அங்கே பதிவு செய்த குரல் ஒன்று, உங்கள் நர்ஸ் குறித்த நேரத்தில் வருவார், காத்திருங்கள் என்று சொல்லும்.

பெரும்பாலான வீடுகளில் ஒருநாள் தாங்கிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் தாங்கவில்லை. லேத் பட்டறையில் ஆயுசு முழுக்க உழைத்த ஒருவர். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள், மூச்சு அதன் வழியாகத்தான். காலையும் மாலையும் நர்ஸ் வந்து அதில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். வீட்டில் மனைவி மட்டும். அந்த அம்மாவுக்குக் கை நடுக்கம், குழாயைத் தொடக்கூடாது என்று டாக்டரே சொல்லியிருந்தார். காலையில் யாரும் வரவில்லை. அந்த அம்மா கூப்பிட்டார், குரல் காத்திருக்கச் சொன்னது, காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டார், காத்திருந்தார். பிற்பகலில் அக்கம்பக்கத்தார் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பல் டாக்டரிடமிருந்து திரும்பிய நர்ஸுக்குத்தான் அந்த வீட்டுச் செய்தி முதலில் வந்தது. அவள் மருத்துவமனையைக் கூப்பிட, அவர்கள் டயர் கடை மாடியைக் கூப்பிட்டார்கள். ஒல்லி போனை வைத்துவிட்டு ஆப்பைத் திறந்து பார்த்தான். உள்ளே பட்டியல் காலி. தலைக்கு மேலே சுவர் பச்சை. "அக்கா" என்று மட்டும் கூப்பிட்டான்.

சில நாள் கழித்து, யாரிடமும் சொல்லாமல் சின்னக்குட்டி அந்த வீட்டுக்குப் போனாள். வாசலில் செருப்புகள் இல்லை, வந்தவர்கள் கலைந்துவிட்டிருந்தார்கள். அந்த அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நீ நர்ஸா?"

"இல்லம்மா."

"மருத்துவமனையா?"

"இல்ல. அந்த ஆப்பைப் பாத்துக்கற ஆபீஸ்."

"அப்ப எதுக்கு வந்த?"

சின்னக்குட்டி தரையில் உட்கார்ந்தாள். அந்த அம்மா கட்டில் சட்டத்தைக் காட்டினார்.

"அவருக்குப் பேச வராது. ஏதாவது வேணும்னா இதுல தட்டுவாரு. தண்ணிக்கு ஒரு தட்டு, திரும்பிப் படுக்க ரெண்டு தட்டு. அன்னைக்குத் தட்டிக்கிட்டே இருந்தாரு. வந்துருவாங்க, வந்துருவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். போன்ல அப்படித்தானே சொன்னாங்க."

சின்னக்குட்டி எழுந்து வந்துவிட்டாள். தெரு முனையில் பஸ் வந்து நின்றது, ஏறவில்லை. ஆபீஸ்வரை நடந்தே போனாள்.

அங்கே முதலாளி, மருத்துவமனை நடத்தப்போகிற விசாரணைக்குப் பேச்சைத் தயார் செய்துவிட்டிருந்தார். அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"கருவி தப்புன்னு சொன்னா நம்ம ஆபீஸே தப்பு. மருத்துவமனை நம்மளைக் கோர்ட்டுக்கு இழுக்கும். டூட்டியில இருந்தவன் கவனிக்கலன்னா அது ஒரு ஆளோட தப்பு. அவனை அனுப்பிட்டா விஷயம் முடிஞ்சுது. புரியுதாம்மா?"

"ஸ்க்ரீன்ல பச்சைதானே சார் இருந்துச்சு. அவன் எதைக் கவனிக்கறது?"

"பச்சையை நம்பி உக்காந்திருந்தானே, அதான் தப்பு. நடுநடுவுல ஆப்பைத் திறந்து பாத்திருக்கணும்."

"அப்படி ஒரு வேலை நாம சொல்லவே இல்லையே சார்."

"இப்பச் சொல்லிக்கலாம்" என்றார் முதலாளி. "ஏற்கெனவே ஒரு இடத்துல கோட்டை விட்ட ஆள்தானே. யாரு நம்பாம இருக்கப் போறா."

விசாரணைக்கு முதல்நாள் சாயங்காலம் வீட்டில் நான்கு பேரும் கீழ்க்கூடத்தில் உட்கார்ந்தார்கள். நானும் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். மூத்தாரின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"நான் பொய் சொல்லி விக்கல குட்டி. அது என்ன செய்யுமோ அதைத்தான் சொன்னேன். உள்ள பாக்குமான்னு நீ கேக்கல, நானும் சொல்லல."

"ஆமா மாமா. நான் கேக்கல."

"நாளைக்கு என்ன சொல்லப் போற?"

ஓரகத்தி குறுக்கே வந்தாள்.

"உன் புருஷன் கையில புண்ணு சீழ் வச்சப்ப கிட்டவே போக முடியாது. யாரு துணி மாத்தினா? நான் சொல்லிக்காட்டறேன்னு நினைக்காத குட்டி. சொல்லிக்காட்டறேன்தான். வேற எப்ப சொல்றது?"

"அக்கா, அந்தப் பையன் ஒரு தப்பும் பண்ணல."

"அவன் யாரு? நமக்கு மாமனா மச்சானா? சின்ன வயசு, வேற வேலை தேடிப்பான். இவருக்கு இனி எங்க கிடைக்கும்?"

"அவனுக்கும் கிடைக்காதுக்கா. இது ரெண்டாவது தடவை."

"அப்ப உனக்கு எது பெருசுன்னு தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு ஓரகத்தி படியேறிப் போனாள். மூத்தாரும் அவள் பின்னால் போனார். புருஷன் இடது கையால் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, நீங்க ஒண்ணும் சொல்லலயே" என்றாள் இவள்.

"நான் சொன்னா கேப்பியா?"

"என்ன சொல்வீங்க?"

"எங்க அண்ணன்" என்றான்.

மருத்துவமனையிலிருந்து விசாரிக்க வந்தவர் ஒரு நிர்வாகி அம்மா. மேஜைக்கு இந்தப் பக்கம் முதலாளியும் சின்னக்குட்டியும், ஓரத்தில் ஒல்லி. முந்தின நாள் முதலாளி தன்னைப் பற்றி என்ன பேசினார் என்று ஒல்லிக்குத் தெரிந்துவிட்டிருந்தது. அக்காவின் சொந்தக்காரரைப் பற்றி அவன் வாய் திறந்திருந்தால் தப்பித்திருப்பான். திறக்கவில்லை. அவள் என்ன செய்வாள் என்று பார்ப்பதுபோல மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இந்தக் கருவியைச் சோதிச்சுப் பாத்துதான் வாங்கினீங்களா?" என்று கேட்டார் நிர்வாகி அம்மா.

"மூணு சோதனை மேடம். மூணுலயும் இதுதான் முதல்ல வந்துது" என்று முதலாளி முந்திக்கொண்டார்.

நிர்வாகி அம்மா சின்னக்குட்டியின் பக்கம் திரும்பினார். "அதனாலதான் இதை எடுத்தீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். கணக்குப்படி அது பொய்கூட இல்லை. சின்னக்குட்டி தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"இது ஜெயிக்கற மாதிரி சோதனை வச்சதே நான்தாங்க" என்றாள். "மொத்தமா நிறுத்தினா இது முதல்ல கத்தும்னு எனக்குத் தெரியும். உள்ள மட்டும் கெட்டா இதுக்குத் தெரியாதுன்னும் தெரியும். உள்ள கெடுத்துப் பாக்கலாம்னு இவர் சொன்னார். நான் நேரமில்லன்னேன். நேரம் இருந்துது."

"ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

"விக்க வந்தவர் என் வீட்டுக்காரரோட அண்ணன்."

முதலாளி தன் கம்ப்யூட்டரை மெல்ல மூடினார். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நிர்வாகி அம்மா எழுதிக்கொண்டே, "இவர் சொன்னதுக்கு யாராவது சாட்சி உண்டா?" என்று கேட்டார். கண்ணாடிக்காரி கதவோரத்தில் நின்றிருந்தாள். "நான் கேட்டேன் மேடம், பக்கத்து மேஜையிலதான் இருந்தேன்" என்றாள்.

அதன் பிறகு எல்லாம் வரிசையாக விழுந்தது. மருத்துவமனை தன் வேலையை எடுத்துக்கொண்டது. அது போன பிறகு அந்த ஆபீஸ் நிற்க முடியவில்லை. மாடியை டயர் கடைக்காரரே கிடங்குக்கு எடுத்துக்கொண்டார். சின்னக்குட்டிக்கு மட்டும் இல்லை, கண்ணாடிக்காரிக்கும் ஒல்லிக்கும் எல்லோருக்கும் வேலை போயிற்று. கடைசி நாள் இரும்புப் படியில் ஒல்லி அவளுக்கு வழிவிட்டு நின்றான்.

"சொன்னதுக்குச் சந்தோஷம்கா" என்றான். "ஆனா அன்னைக்கு அந்த அரை மணி நேரம் குடுத்திருக்கலாம்."

"ஆமா" என்றாள்.

அவன் பட்டப்பெயர் எதுவும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. அவள் இறங்கிப் போகும்வரை அப்படியே நின்றான்.

மூத்தாரை அவர் கம்பெனி வேலையை விட்டு அனுப்பிவிட்டது. தம்பி பெண்டாட்டியிடம் விற்றதை மறைத்தார் என்று காரணம் சொன்னார்கள். ஓரகத்தியின் பிறந்த வீட்டுப் பக்கம் ஒரு கடையில் அவருக்கு ஏதோ வேலை சொன்னார்கள், குடும்பத்தோடு கிளம்பினார்கள். சாமான் ஏற்றும்போது தம்பி ஒற்றைக் கையால் தூக்கிக் கொடுத்தான். மூத்தார் வண்டியில் முன்னால் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரகத்தி கடைசியாகப் படியிறங்கி வந்தவள், "மாடிக் கொடியில உன் சேலை ஒண்ணு கிடக்கு, எடுத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

புருஷன் பேச்சை நிறுத்தவில்லை. சோறு போடு என்பான், கதவைச் சாத்து என்பான். வேறு பேச்சு இல்லை. நான் ஒருநாள் அவனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அவ செஞ்சது தப்புன்னு சொல்லல பெரியம்மா. அவளைப் பாத்தா எங்க அண்ணன் ஞாபகம் வருது" என்றான்.

சின்னக்குட்டி வேறு ஆபீஸ்களுக்குப் போனாள். பழைய இடத்தை ஏன் விட்டீர்கள் என்று எங்கேயும் கேட்பார்கள். எங்கேயும் நடந்ததைச் சொன்னாள். சொல்லாமல் விடக்கூடாதா என்று என் தங்கை அழுதாள். "அன்னைக்கு ஒண்ணைச் சொல்லாம விட்டதாலதாம்மா இவ்வளவும்" என்றாள் இவள். கடைசியில் ஒரு பெரிய துணிக்கடையில் பில் போடும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. நின்றுபோனால் ஓட வைக்க வேண்டும், கூட்டம் அதிகமானால் தானும் உட்கார்ந்து பில் போட வேண்டும். நின்றுபோனால் அங்கே துணி வாங்கியவர்கள் வரிசையில் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான்.

லேத் பட்டறைக்காரரின் மனைவியை அவருடைய தங்கை வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சின்னக்குட்டி இன்னொரு தடவை போனபோது வீடு பூட்டியிருந்தது. யாரிடம் கேட்டும் போன இடம் சொல்லத் தெரியவில்லை.

துணிக்கடையில் இருந்தபோது ஒருநாள் அவளுக்குப் போன் வந்தது. ஏதோ ஒரு கம்பெனி. ஒல்லியின் முழுப் பெயரைச் சொல்லி, இவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். அவள் துணிக்கட்டுகளுக்கு நடுவில் ஒதுங்கி நின்று பேசினாள்.

"அந்தச் சாவு நடந்த அன்னைக்கு டூட்டியில அவர்தானே இருந்தார்?"

"அவர்தான்."

"அவர் கவனக்குறைவா?"

"இல்ல. அப்படி நடக்கும்னு முன்னாலயே சொன்னது அவர். கேக்காதது நான். நான் விசாரணையிலயும் இதைத்தான் சொன்னேன், கேட்டுப் பாருங்க."

"நீங்க யாரு, அவருக்கு மேல இருந்தவங்களா?"

"ஆமா" என்றாள்.

நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். ஒல்லிக்கு அந்த வேலை கிடைத்தது. கண்ணாடிக்காரி கடைக்குத் துணி எடுக்க வந்தபோது சொல்லித்தான் சின்னக்குட்டிக்கே தெரிந்தது. அவன் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடிக்காரிக்கு பில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளை முன்னால் வரச் சொன்னாள்.